பீப்... பீப்... பீப்... (கிளிப் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம்!)

சீட் பெல்ட் போடாத ஆளைப் பார்த்து கார் கத்தினால் அது அக்கறை. பெல்ட் போட்டிருக்கிற ஆளைப் பார்த்தும் கத்தினால்? ஆளே உட்காராத சீட்டைப் பார்த்துக் கத்தினால்? "சென்சார் கோளாறுப்பா, காதுக்குத்தான் தொல்லை" என்று சொல்லி எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். என் கட்சி வேறு. பொய்யாகக் கத்தும் பெல்ட் அலாரம், அலாரமே இல்லாத காரை விட ஆபத்து. அதை அடக்கக் கூடாது, சரி பண்ண வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

"பி.காம் படிக்கிற உனக்கு கார் வயரிங் எதுக்கு?" என்று கேட்கப் போகும் வகுப்பு நண்பர்களே, கொஞ்சம் பொறுமை. நம்ம சஸ்பென்ஸ் அக்கவுண்ட் வரைக்கும் வரத்தான் போகிறேன் :-)

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கார் இரண்டே கேள்விகள் கேட்கிறது. ஒன்று, சீட்டில் ஆள் இருக்கிறாரா? இரண்டு, பெல்ட் மாட்டியிருக்கிறதா? முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சீட் மெத்தைக்குள் இருக்கும் மெல்லிய சென்சார். எடை அழுத்தினால் "ஆள் இருக்கு" என்று தகவல் அனுப்பும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது பெல்ட்டை மாட்டும் பக்கிளுக்குள் இருக்கும் குட்டி சுவிட்ச். பெல்ட்டின் நாக்கு 'க்ளிக்' என்று உள்ளே போனதும் "மாட்டியாச்சு" என்று சொல்லும். பல கார்களில் டிரைவர் சீட்டுக்கு முதல் கேள்வியே கிடையாது. வண்டி ஓடுகிறது என்றால் டிரைவர் இருந்துதானே ஆக வேண்டும்!

ஆள் இருக்கிறார், பெல்ட் இல்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் சத்தம் ஆரம்பிக்கும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் இது கட்டாயம். ஏஐஎஸ்-145 என்ற தரவிதியில் டிரைவர் ஏர்பேக், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் வரும் வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் இவற்றோடு சேர்ந்து வந்தது.

இப்போது பழுதுக்கு வருவோம். கேள்வி இரண்டுதான் என்பதால் பொய்யும் இரண்டே வகைதான்.

முதல் வகை, ஆள் இல்லாமலே "ஆள் இருக்கு" என்று சீட் சொல்வது. லேப்டாப் பை, தண்ணீர் கேன், காய்கறிப் பை எதை வைத்தாலும் இது நடக்கும். அது பழுது கூட இல்லை, சென்சாருக்குப் பைக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்றுமே வைக்காமல் கத்தினால் பழுது. புதுசாகத் தைத்துப் போட்ட சீட் கவர் ரொம்ப இறுக்கமாக இருந்து அழுத்தலாம். சீட்டில் தண்ணீரோ டீயோ கொட்டியிருக்கலாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் வயர் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். நம்ம ஊரில் இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது, எலி!

இரண்டாவது வகை, பெல்ட் போட்ட பிறகும் "போடலை" என்று பக்கிள் சொல்வது. பிஸ்கட் தூள், சில்லறைக் காசு, கூல் டிரிங்க்ஸ் பிசுக்கு இவையெல்லாம் பக்கிளுக்குள் போய் உட்காரும். சுவிட்ச் தேய்ந்தும் போகும். சீட்டை முன்னே பின்னே தள்ளித் தள்ளி அதோடு சேர்ந்து இழுபடும் வயரும் அறுந்து போகும்.

இந்த இரண்டையும் வீட்டிலேயே பிரித்துக் கண்டுபிடிக்கலாம். ஆள் இல்லாத பக்கத்து சீட் கத்துகிறதா? அந்தக் காலி சீட்டின் பெல்ட்டை அப்படியே இழுத்து மாட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பக்கிள் நன்றாக இருக்கிறது, கோளாறு சீட் சென்சாரில். நிற்கவில்லை என்றால் பக்கிளிலோ வயரிலோ சிக்கல். டிரைவர் சீட் பெல்ட் போட்ட பிறகும் கத்தினால் பெரும்பாலும் பக்கிள்தான் குற்றவாளி.

இவ்வளவு சுலபமான விஷயத்தில் எங்கே ஆபத்து வந்தது? கிளிப்பில் வந்தது.

எங்கள் சித்தப்பா காரில் பக்கத்து சீட் சும்மாவே கத்த ஆரம்பித்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினார். பார்த்தவர் சீட்டைக் கழற்றக்கூட இல்லை. "சார், சென்சார் மாத்தணும், சீட் செட்டோட வரும்" என்று ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு எஸ்டிமேட். சித்தப்பா முகம் போன போக்கைப் பார்த்து இன்னொருவர் காதோரம் வந்து, "எதுக்கு சார் இவ்ளோ செலவு? வெளிய கிளிப் கிடைக்கும், நூறு ரூபா. சொருகி விட்டீங்கன்னா சத்தமே வராது" என்றார். சர்வீஸ் சென்டருக்கு உள்ளேயே இந்த ஆலோசனை! நல்லவேளை, சித்தப்பா இரண்டையும் கேட்கவில்லை. தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனார். சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டரில் ஈரம் ஏறிப் பச்சை பூத்திருந்ததாம். சுத்தம் பண்ணி மாட்டினார், முந்நூறு ரூபாய். சத்தம் நின்றது.

அந்தக் கிளிப் தெரியாதவர்களுக்கு: பெல்ட்டின் உலோக நாக்கு மாதிரியே ஒரு துண்டு, பெல்ட் மட்டும் இருக்காது. பக்கிளில் சொருகினால் பெல்ட் மாட்டியாச்சு என்று கார் நம்பிவிடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் அமேசான், ஃப்ளிப்கார்ட், ஸ்நாப்டீல், ஷாப்க்ளூஸ், மீஷோ ஆகிய ஐந்து தளங்களுக்கு எதிராக இந்தக் கிளிப்புக்காக உத்தரவு போட்டது. அந்த நடவடிக்கையில் நீக்கப்பட்ட விற்பனைப் பக்கங்கள் மொத்தம் 13,118. வாங்க ஆள் இல்லாமல் பதின்மூன்றாயிரம் பக்கம் போட்டு யாராவது விற்பார்களா? டிமாண்ட் இருந்தால்தானே சப்ளை, முதல் வருஷப் பாடம்.

வாங்கியது யார் என்று யோசித்தால் இன்னும் சுவாரஸ்யம். 2022 செப்டம்பர் 4 அன்று டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம் நடந்த விபத்தில் இறந்தார். மெர்சிடிஸ் கார், பின் சீட், பெல்ட் போடவில்லை என்பது போலீஸ் தகவல். அதற்குச் சில நாள் கழித்து மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஒரு விஷயம் சொன்னார். தான் நான்கு முதலமைச்சர்களின் கார்களில் போனதாகவும், பெயர் கேட்காதீர்கள் என்றும், முன் சீட்டில் சத்தம் வராமல் இருக்க அங்கே கிளிப் சொருகி வைத்திருந்ததாகவும் சொன்னார். முதலமைச்சர் காரிலேயே இந்த நிலைமை என்றால் நம்ம தெருவில் ஓடும் காரை என்ன சொல்ல.

சரி, பெல்ட் பிடிக்காமல் கிளிப் வாங்குகிறவர் ஒரு ரகம். அவரிடம் வாதாட நான் வரவில்லை. ஆயிரம் ரூபாய் அபராதம் (மோட்டார் வாகனச் சட்டம் 194பி) அவரிடம் பேசிக் கொள்ளட்டும். நான் கவலைப்படுவது இன்னொரு ரகத்தைப் பற்றி. பெல்ட் ஒழுங்காகப் போடுகிறவர், ஆனால் கார் பொய்யாகக் கத்துகிறது, கடுப்பில் கிளிப் வாங்குகிறார். இவர் நல்லவர். ஆனால் இவர் வாங்கும் கிளிப் அதே வேலையைத்தான் செய்யும்.

எப்படி என்று கேட்கிறீர்களா? மேலே சொன்ன இரண்டு வகையைத் திரும்பிப் பாருங்கள். பக்கிள் சுவிட்ச் கெட்டிருந்தால் நிஜ நாக்கைச் சொருகியே கார் நம்பவில்லை, போலி நாக்கை மட்டும் எப்படி நம்பும்? அங்கே கிளிப்பால் பிரயோஜனமே இல்லை. கிளிப் பலிப்பது, சீட் சென்சார் பொய் சொல்லி பக்கிள் நன்றாக இருக்கும் காரில்தான். அதாவது பெல்ட் வேலை செய்கிற சீட்டில்! அந்த நல்ல பக்கிளில் கிளிப்பைச் சொருகி அடைத்து வைத்தாயிற்று. நாளைக்கு அங்கே பாட்டி உட்காருவார். பெல்ட்டை இழுப்பார், மாட்ட இடம் இருக்காது. "பரவால்ல கண்ணு, பக்கத்துலதானே" என்பார். காரும் வாயைத் திறக்காது. அதன் வாயைத்தான் நூறு ரூபாய்க்கு அடைத்துவிட்டோமே.

இங்கேதான் நம்ம சஸ்பென்ஸ் அக்கவுண்ட் வருகிறது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக சஸ்பென்ஸில் போடுவோம். போட்டதும் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தப்பு அங்கேயேதான் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, திருத்தல் பதிவு போட்டு, சஸ்பென்ஸை மூடினால்தான் கணக்கு முடியும். கிளிப் என்பது சஸ்பென்ஸில் போட்டுவிட்டு அதோடு புத்தகத்தைக் கட்டி வைப்பது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

"ஒரு பீப் சத்தத்துக்கு இவ்வளவு பில்டப்பா?" என்றால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715. அவர்களில் டிரைவர்கள் 8,384, கூட வந்த பயணிகள் 8,331. கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட சரிபாதி. நாம் "டிரைவர் போட்டா போதும்" என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். பொய்யாகக் கத்துவதும், கிளிப் மாட்டப்படுவதும் அதிகம் அந்தப் பயணி சீட்டில்தான்.

இன்னொன்று. ஏர்பேக் இருக்கிறதே என்று தைரியம் வேண்டாம். அதன் மேல் எஸ்ஆர்எஸ் என்று எழுதியிருக்குமே, அதில் முதல் எழுத்துக்கு அர்த்தமே 'துணை' என்பதுதான். பெல்ட்தான் கதாநாயகன், ஏர்பேக் துணை நடிகர். பெல்ட் பிடித்து நிறுத்திய உடம்பைத் தாங்கத்தான் அது வடிவமைக்கப்பட்டது. சில கார்களில் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கிலேயே பக்கிளின் தகவலும் சேர்கிறது. கிளிப் மாட்டினால் அந்தக் கணக்குக்கும் பொய்த் தகவல்தான் போகும்.

பொய் அலாரம் என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது, அமெரிக்கா, 1974. அந்த வருஷத்து மாடல் கார்களில் ஒரு புது ஏற்பாடு வந்தது. முன் சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் மாட்டாவிட்டால் கார் ஸ்டார்ட்டே ஆகாது. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் பக்கத்து சீட்டில் மளிகைப் பை வைத்தாலும் ஆகாது, நாய்க்குட்டி உட்கார்ந்தாலும் ஆகாது. பைக்கு பெல்ட் போட்டுவிட்டு வண்டி எடுத்தார்கள் மக்கள். வயரைப் பிடுங்கினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திட்டிக் கடிதம் எழுதினார்கள். அதே வருஷம் அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. ஸ்டார்ட் ஆகாத ஏற்பாட்டைக் கட்டாயமாக்கக் கூடாது. அது மட்டுமில்லை, 8 வினாடிக்கு மேல் ஒலிக்கும் சத்தத்தையும் அரசு கட்டாயமாக்கக் கூடாது! அந்த 8 வினாடித் தடை நீங்கியது 2012-ல். நாய்க்குட்டியையும் மனுஷனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒரு சென்சாரால், 38 வருஷம் ஒரு நாட்டின் சட்டமே வாயை மூடிக்கொண்டு இருந்தது.

நம்ம ஊர் 'புலி வருது' கதைதான். ஆனால் அந்தக் கதையை நாம் எப்போதும் பொய் சொன்ன பையனைத் திட்டவே சொல்கிறோம். ஊர்க்காரர்கள் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு தடவை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து ஏமாந்தவர்கள் அவர்கள். மூன்றாவது தடவை வராமல் இருந்தது மனித இயல்பு. காரை உருவாக்குகிறவர்கள் இந்த இயல்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 செப்டம்பரில் பின் சீட்டுக்கும் அலாரம் கட்டாயமாக்கும் வரைவு விதியை நம் அரசு வெளியிட்டது. புது கார்கள் பலவற்றில் பின்னாலும் சத்தம் வந்துவிட்டது. நல்லது. ஆனால் நம் வீட்டுக் கார்களில் பின் சீட்டில் ஆள் இருப்பதை விடப் பை இருப்பதுதான் அதிகம். அங்கே பொய் பீப் பெருகினால் கிளிப் விற்கிறவனுக்குத்தான் தீபாவளி.

கம்பெனிகளால் சரி பண்ண முடியாதா என்றால், முடியும். 2024-ல் டெஸ்லா அமெரிக்காவில் 1,25,227 கார்களைத் திரும்ப அழைத்தது. டிரைவர் பெல்ட் போடாதபோது எச்சரிக்கை சரியாக வராமல் போகலாம் என்பது குறை. தீர்வு என்ன தெரியுமா? டிரைவர் சீட்டில் ஆள் இருக்கிறாரா என்ற சுவிட்சை நம்புவதையே மென்பொருளில் எடுத்துவிட்டார்கள். வண்டி ஆன், பக்கிள் மாட்டவில்லை, அப்படியென்றால் கத்து. அவ்வளவுதான். எச்சரிக்கைக் கோளாறை ஒரு பாதுகாப்புக் குறையாக எடுத்துக்கொண்டு ரீகால் செய்தார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் ரீகால் பிரிவு சேர்ந்தது, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் வந்தன. பாதுகாப்புக் குறை பற்றி கார் உரிமையாளர்கள் அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம். ஒரே மாடலில் புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் விசாரணை. இதில் காமர்ஸ் மாணவனாக எனக்குத் தோன்றுவது ஒன்று. கிளிப் வாங்கியவர் புகார் செய்வதில்லை. அவர் பிரச்சினை நூறு ரூபாயில் 'தீர்ந்து' விட்டது. அதனால் கம்பெனியின் கணக்கிலும் அரசின் கணக்கிலும் அந்தப் பழுது நடக்கவே இல்லை. நூறு பேர் கிளிப் வாங்கினால் நூறு புகார் காணாமல் போகிறது. 101-வது ஆள் போய்க் கேட்டால் "உங்க ஒரு வண்டிலதான் சார் இப்படி" என்பார்கள்.

சரி, உங்கள் கார் பொய்யாகக் கத்துகிறது. என்ன செய்யலாம்?

1. முதலில் அது பொய்தானா என்று பாருங்கள். பெல்ட்டை மாட்டிவிட்டு வெடுக்கென்று இழுங்கள். நாக்கு கழன்று வந்தால் அலாரம் உண்மையைத்தான் சொன்னது, பழுது பக்கிளிலேயே இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவில் டகாட்டா கம்பெனி பெல்ட்கள் இருந்த 80 லட்சத்துக்கும் மேலான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பக்கிளின் சிவப்பு பட்டன் பிளாஸ்டிக் உடைந்து துண்டுகள் உள்ளே விழுந்து, பெல்ட் சரியாகப் பூட்டாமல் போகலாம் என்பதுதான் காரணம். எனவே பக்கிளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

2. பையால் கத்தினால் பையைக் கீழே வையுங்கள், டிக்கியில் போடுங்கள்.

3. காலி சீட் சும்மா கத்தினால், சரி பண்ணும் வரைக்கும் அந்த சீட்டின் சொந்த பெல்ட்டையே மாட்டி விடுங்கள். கிளிப் செய்யும் அதே வேலை, செலவு பூஜ்யம். முக்கியமான வித்தியாசம், யாராவது உட்கார வந்தால் பெல்ட்டைக் கழற்றினால்தான் உட்கார முடியும். கையில் பெல்ட் வந்துவிடும், மாட்ட இடமும் இருக்கும்.

4. சீட் கவர், பக்கிள் தூசு, சீட்டுக்கு அடியில் வயர், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போவதுதான் முறை. சீட்டைக் கழற்றிப் பார்க்காமலே எஸ்டிமேட் கொடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

5. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற கனெக்டர்களில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அவை பொதுவாக ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. ஏர்பேக் விளக்கும் சேர்ந்து எரிகிறது என்றால் தள்ளிப் போடாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

6. வாரண்டி இருந்தால் வாய்மொழியாகச் சொல்லாமல் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். எழுதினால்தான் அது கணக்கு.

"எனக்கு அலாரமே தேவையில்லை, நான் பழக்கமாகவே பெல்ட் போடுவேன்" என்று சிலர் சொல்வார்கள். சந்தோஷம். ஆனால் அந்த அலாரம் உங்களுக்காக மட்டும் இல்லை. உங்கள் வண்டியில் ஏறும் நண்பனுக்காக, அத்தைக்காக, நாளைக்கு உங்களிடம் பழைய வண்டியாக வாங்கப் போகிற முகம் தெரியாதவருக்காகவும்தான். கிளிப்போடு விற்றால் பொய்யையும் சேர்த்து விற்கிறீர்கள். பெல்ட் போடாதவரைத் திட்ட எல்லாரும் இருக்கிறோம். போட்டவரையும் வெறுப்பேற்றி கிளிப் கடைக்கு அனுப்பும் வண்டிகளையும், அதை முந்நூறு ரூபாயில் முடிக்காமல் ஏழாயிரம் கேட்கும் பட்டறைகளையும் யாராவது கொஞ்சம் திட்டினால் நல்லது. என் பங்குக்குத் திட்டிவிட்டேன்.

பி.கு: உங்கள் வீட்டுக் காரில் இப்போது கிளிப் மாட்டியிருக்கிறதா? இதைப் படித்த கையோடு போய்ப் பிடுங்கிப் போடுங்கள். கார் கத்தும். கத்தட்டும். எதற்குக் கத்துகிறது என்று இப்போது பார்க்கத் தெரியுமே.